தகரப் பார் மாஸ்டர்

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற பாதையில், மதுக்கடைக்குப் பின்னால், கூரையிலிருந்து சுவர் வரை தகரத்தாலேயே அடித்த ஒரு பார் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் தகரப் பார் என்பார்கள். செல்போன் மேப்பிலும் யாரோ ஒரு புண்ணியவான் அதே பெயரில் ஏற்றிவிட்டிருக்கிறான். சும்மா சொல்லக் கூடாது, ஐந்துக்கு நாலேகால் நட்சத்திரம் வாங்கியிருக்கிறது.

அதன் கீழே வாடிக்கையாளர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் குடிக்காதவனுக்கும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும். "உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. யாரும் வெரட்ட மாட்டாக" என்று ஒருவர் எழுதியிருந்தார். "சேருக்கு மூணு காலு, மாஸ்டருக்குத் தங்கக் கை" என்று இன்னொருவர். "கக்கூஸ் பக்கம் போயிராதீக. கொடல் வறுவல விட்றாதீக." அச்சாபீஸில் பிழை திருத்துகிற ஒருவர் மட்டும் நல்ல தமிழில் எழுதியிருந்தார்: "மாஸ்டர் யாரிடமும் பேச மாட்டார். தட்டைக் கையால் கொடுக்காமல் கரண்டியால் தள்ளிவிடுகிறார். கொஞ்சம் திமிர் பிடித்தவர் என்று நினைக்கிறேன். ஈரல் வறுவலுக்காக மன்னித்துவிட்டேன்."

பாரை ஏலம் எடுத்து நடத்துகிற தங்கச்சாமி இதையெல்லாம் தினமும் காலையில் சமையல் கட்டு வாசலில் நின்று சத்தமாகப் படிப்பார். அவர் வம்சத்திலேயே யாரும் அவசரப்பட்டது கிடையாது. வாசலில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகட்டும் என்று காத்திருப்பார். காலொடிந்த நாற்காலியைக் கம்பி வைத்துக் கட்டுவாரே தவிர மாற்ற மாட்டார். வந்தவனை எழுப்ப மாட்டார், எழுந்தவனை இருக்கச் சொல்ல மாட்டார். அதனாலேயே அந்த இடம் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

தகரப் பாரில் சப்ளையர் கிடையாது. வேண்டியவர்கள் எழுந்து போய், சமையல் கட்டுத் தகரத்தில் இடுப்பு உயரத்துக்கு வெட்டிய ஒரு பொந்துக்குள் கையை நீட்டி, வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே கரண்டி ஒரு தட்டு தட்டினால் பண்டம் வருகிறது என்று பொருள். இரண்டு தட்டு தட்டினால் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் மாஸ்டரிடமிருந்து ஒரு சொல் வராது. அதனால் மாஸ்டர் ஊமை என்று முடிவு கட்டியிருந்தார்கள். மல்லாங்கிணற்றுக்காரர் என்றும், சிங்கப்பூர்க் கப்பலில் சமைத்தவர் என்றும், எம்புட்டுப் பணம் கொடுத்தாலும் வேறு கடைக்குப் போக மாட்டார் என்றும் ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உள்ளே இருந்தது முத்துமாரி. வயது முப்பத்தொன்பது. பக்கத்துக் காலனிக்காரி. ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருத்தி, பெயர் இசைவாணி. புருஷன் காளீஸ்வரன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போய், அங்கேயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கொண்டு, வீட்டு நம்பரை மறந்துபோனான்.

முத்துமாரி முதலில் பட்டாசுக் கம்பெனியில்தான் எட்டு வருஷம் மருந்து அடைத்தாள். பக்கத்து அறை ஒருநாள் வெடித்தது. அன்றைக்குச் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடி வந்தவள் திரும்பிப் போகவில்லை. தகரப் பாருக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். தீபாவளி சீசனில் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஒருநாளைக்கு மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் தங்கச்சாமி. மத்தியானம் இரண்டு மணிக்குள் சட்டி காலியாகிவிட்டது. அந்த ஒருநாள் மூன்று வருஷமாக நீண்டுவிட்டது.

பொம்பளை உள்ளே இருப்பது தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது தங்கச்சாமி இல்லை, அவளேதான். வயசுக்கு வரப்போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பாரில் வேலை பார்க்கிறாள் என்று காலனியில் ஒருத்தி வாயில் விழுந்தால் போதும், அப்புறம் அந்தப் பிள்ளையை எவன் வீட்டில் கேட்பான்? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் சமையல் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மகளிடமும் அதுதான். மினி பஸ்ஸில் ஏறி ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, கருவேலங்காட்டு ஓடை வழியாகத் திரும்பி நடந்து வந்து பின்வாசலில் நுழைவாள். உள்ளே வந்ததும் தாழ்ப்பாள். காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு வரை அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் கிடை. சித்திரை வெயிலில் சுவரைத் தொட்டால் தோல் உரியும். இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். சத்தம் கேட்கும் என்று கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்தவள், கை தெரியும் என்று தட்டையும் கரண்டியாலேயே தள்ளப் பழகிக்கொண்டாள். ஒன்றுக்குப் போவதென்றால்கூட வெளியே கூட்டம் குறைகிற நேரம் பார்க்க வேண்டும்.

அங்கே உட்கார்ந்து அவள் பார்த்ததெல்லாம் கைகளைத்தான். முகம் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கை ஒரு ஆளைப் பற்றி என்ன சொல்லும், என்ன மறைக்கும் என்பதில் அவளுக்கு ஈடு இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்பேன். மை ஒட்டிய நகம் அச்சாபீஸ் கை. காகிதத் தூசியில் தொண்டை வறண்டிருக்கும், குழம்பு கூட ஊற்றுவாள். கயிறு அறுத்த தழும்பு லோடு ஏற்றுகிற கை; அதற்கு அளவுதான் முக்கியம். வெள்ளி பூசினாற்போல மினுங்குகிற கை மருந்து கலக்குகிறவர்களுடையது. அலுமினியப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அது நாக்கிலும் ஏறிவிடும் என்பது அவளுக்கு அனுபவம். அந்த எட்டு வருஷமும் அவளுக்குச் சோறு மண்ணாகத்தான் இருந்தது. அதனால் வெள்ளிக் கை நீண்டால், ஒரு கரண்டி பண்டத்தைத் தனியே சின்னச் சட்டியில் எடுத்து, அரைக்கை புளித்தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நுணுக்கிய மிளகு போட்டு ஒரு கொதி காட்டித் தருவாள். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கையைக் கண்டதும் கை அங்கே போய்விடும்.

தகரத்துக்கு அந்தப் பக்கம், நாள் முழுவதும் மருந்தோடு கிடந்து நாக்குச் செத்துப்போன மனிதர்கள், முதல் வாய் வைத்ததும் "ஏலே!" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் அந்த வெக்கையைத் தாங்கினாள் என்று சொன்னால் தப்பில்லை. அடுத்த நிமிஷமே, "மல்லாங்கிணத்தான் மல்லாங்கிணத்தான்தாம்லே" என்று ஒரு குரல் கேட்கும். முதல் வருஷம் அதைக் கேட்டுச் சிரித்தாள். இரண்டாம் வருஷம் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வருஷம், இல்லாத அந்த மல்லாங்கிணற்று ஊமை மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் காளீஸ்வரன் மேல்கூட வந்ததில்லை.

இதிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். அரசுப் பள்ளிச் சத்துணவில் சமையல் உதவியாளர் வேலை. கைவிடப்பட்ட பெண் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி, கார்த்திகையில் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பாரில் வாங்குவதில் பாதிகூட வராது. மிச்சத்துக்கு வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக் குழாய் சுருட்டிக்கொள்ளலாம். ஆனால் வாசல் வழியாகப் போய் வாசல் வழியாக வரலாம். மகள் படிக்கிற பள்ளியிலேயே இடம் காலியாகப் போகிறது. ஒரே சிக்கல் வயது. நாற்பதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவளுக்குப் பங்குனியில் நாற்பது முடிகிறது.

தை மாதம் அந்தப் பள்ளியில் இருந்த சமையலம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தலைமையாசிரியை யோகேஸ்வரி ஆள் அனுப்பி முத்துமாரியைக் கூப்பிட்டார்.

"ஒரு வாரம் நீங்க வந்து சமைச்சுக் குடுங்க முத்துமாரி. நம்ம பெற்றோர் குழுவுல திருப்தின்னு எழுதிக் குடுத்தாங்கன்னா, நானும் ஒரு கடிதம் வச்சு ஒன்றிய ஆபீசுக்கு அனுப்புறேன். உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"எழுதிக் குடுப்பாகளா டீச்சர்?"

"ரோஜாதான தலைவி. உங்க காலனிப் பொண்ணுதான. நீங்க நல்லா சமைச்சா அவ ஏன் மாட்டேங்கப் போறா?"

தங்கச்சாமியிடம், உடம்புக்கு முடியவில்லை, ஒரு வாரம் வர மாட்டேன் என்றாள். "நல்லாப் படுத்து எந்திரிச்சு வா தாயி. இங்கன என்ன தீயா புடிச்சிருக்கு" என்று அவர் அனுப்பி வைத்தார்.

திங்கள் முதல் வியாழன் வரை முத்துமாரி பூமியில் நடக்கவில்லை. பள்ளிச் சமையல் கூடத்துக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். வேப்பங்காற்று வரும். பேசலாம், இருமலாம், பிள்ளைகளை அதட்டலாம். பெட்டியிலிருந்த கண்ணாடி வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் நாக்குக்கு ஏற்றாற்போல மட்டாகச் செய்தாள். "ஆயா, இன்னிக்கி என்ன கொழம்பு?" என்று ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று கேட்டபோது, தன்னை ஆயா என்றதற்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. இசைவாணி வரிசையில் வந்து நின்று, தன் அம்மா என்பது தோழிகளுக்குத் தெரியட்டும் என்று, "எனக்கு ரெண்டு கரண்டி வையிம்மா" என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை தக்காளி சாதமும் மிளகு முட்டையும். அன்றைக்குத்தான் ரோஜா ருசி பார்த்துவிட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் பெரியவர்கள் இரண்டு பேர் சாப்பிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். ரோஜா புருஷனோடு பைக்கில் வந்தாள். புருஷன் பெயர் வெள்ளைத்துரை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். மருந்து கலக்குகிற வேலை விடியற்காலம் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் என்பதால், பள்ளிக்குக் கேஸ் சிலிண்டரைப் பைக்கில் வைத்துக் கொண்டுவரும் வேலையை அவன் தலையில் கட்டியிருந்தாள் ரோஜா.

யோகேஸ்வரி டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்" என்றார். ரோஜா புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தாள். வரிசையில் பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள்.

"நான் வெள்ளிக்கெழம முட்ட தொட மாட்டேன் டீச்சர். ஏங்க, நீங்க இங்கிட்டு வாங்க. ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லுங்க, எழுதிருவோம்" என்றாள்.

முத்துமாரி குனிந்து அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள். சட்டியின் ஆவி கண்ணில் அடித்தது. அவள் முகத்துக்கு நேரே ஒரு உள்ளங்கை நீண்டது. வெள்ளிக் கை.

அவ்வளவுதான். அவள் யார், எங்கே நிற்கிறாள், எதற்காக நிற்கிறாள் என்பதெல்லாம் ஒரு நொடி மறந்துபோனது. கை தானாகப் போய்ச் சின்னச் சட்டியை எடுத்தது. ஒரு முட்டையும் மசாலாவும் போட்டது. ரசத்துக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரில் அரைக்கை, ஒரு சிட்டிகை உப்பு, மிளகு. ஒரு கொதி. சூட்டோடு ஒரு தட்டில் ஊற்றி அந்தக் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வெள்ளைத்துரை வாயில் போட்டான். கண்ணை மூடினான்.

"ஏலே!" என்றான். சத்தம் எட்டாம் வகுப்பு வரை கேட்டிருக்கும். "இது நம்ம தகரப் பார் மாஸ்டரு கைதானலே! அச்சு அசல் அதே ருசி!"

பாவம், அவன் மனதாரப் பாராட்டினான். இதைவிடப் பெரிய பாராட்டு அவன் நாக்குக்குத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தானும் கெட்டு, பக்கத்தில் இருந்தவளையும் கெடுத்தது.

ரோஜா பேனாவை மூடினாள். "எந்தப் பாரு?"

கார்த்திகையில் மாலை போட்டு மலைக்குப் போய் வந்ததிலிருந்து குடியை விட்டுவிட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தவன் வெள்ளைத்துரை. அவன் முகம் வெளுத்தது.

"இல்ல... முந்தி... முந்தி எப்பவோ சாப்புட்டது. அதச் சொன்னேன்."

"முந்தி தின்னதா இன்னும் நாக்குல நிக்கிது?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ளா. அங்கன இருக்கது ஒரு ஊமை ஆளு. ஆம்பள. மல்லாங்கிணத்துக்காரரு. அவருக்கும் இந்தக்காவுக்கும் என்ன சம்பந்தம்?"

யோகேஸ்வரி டீச்சர் மூச்சு விட்டார். "சரி விடுங்க, மிளகுன்னா எல்லா எடத்துலயும் மிளகு மாதிரிதான் இருக்கும். ரோஜா, நீங்க எழுதுங்க. பிள்ளைங்க பசியோட நிக்குது."

கத்தி கழுத்து வரை வந்து விலகிப் போய்விட்டது. முத்துமாரி செய்ய வேண்டியதெல்லாம் கரண்டியை எடுத்துச் சாதம் போட ஆரம்பிப்பதுதான். மூன்று வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தவளுக்கு இன்னும் அரை நிமிஷம் சும்மா இருக்க முடியாதா?

ஆனால் வெள்ளைத்துரை விடவில்லை. பெண்டாட்டி முகம் இன்னும் தெளியாததைப் பார்த்து, சொன்ன பாராட்டை எப்படியாவது திரும்ப எடுத்துவிடத் துடித்தான்.

"அதுவுஞ் சரியாச் சொல்லணும்னா, இது அதுக்குக் கிட்டக்கூட வராதுளா. அந்த மாஸ்டரு கை எங்க, இது எங்க. அக்கா தப்பா நெனைக்காதீக, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு மாதிரி வர இன்னும் நாளாகும். அது ஆம்பளக் கைப்பக்குவம்."

முத்துமாரிக்கு உச்சியில் ஏறியது. இல்லாத ஒரு ஊமை, பார்க்காத ஒரு கப்பல்காரன், அவள் வெந்து ஆக்கியதற்கெல்லாம் மூன்று வருஷமாகப் பேர் வாங்கியவன், இப்போது இங்கேயும் வந்து அவளுக்கு முன்னால் நிற்கிறான். இதே கை எத்தனை நாள் பொந்துக்குள் நீண்டிருக்கிறது. கட்டைவிரல் நகம் பிளந்த இந்தக் கைக்கு எத்தனை சட்டி புளித்தண்ணீர் கொதிக்க வைத்திருப்பாள்.

"எந்த ஆம்பளயும் இல்ல" என்றாள். "அந்த மாஸ்டரு நாந்தான்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பது இதுதான். வெள்ளைத்துரை அவளைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"ஊமன்னு..." என்றான்.

"ஊமையா இருந்தேன்."

சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு மூச்சு நேரம் அவளுக்கு நெஞ்சு நிறைந்து நின்றது. அதற்கப்புறம்தான் வரிசையில் ஐந்தாவதாக நின்ற இசைவாணியைப் பார்த்தாள். பிள்ளை தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போனது.

ரோஜா புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. "பார்ல கண்டவனுக்கும் ஆக்கிப் போட்ட கையால எம்பிள்ள சாப்புடணுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். புருஷன் மேல் இருந்த கோபத்தைப் புருஷன் மேல் காட்ட முடியாத இடத்தில் அவள் வேறு எங்கே காட்டுவாள்? யோகேஸ்வரி டீச்சர் நல்லவர்தான். அன்றைக்குச் சாதத்தைத் தானே நின்று பரிமாறினார். எல்லாம் முடிந்த பிறகு முத்துமாரியைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஊர் ஒத்துக்கணும்ல" என்றார்.

அன்று சாயங்காலம் இசைவாணி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, நிமிராமல், "மூணு வருசமாவாம்மா?" என்று கேட்டாள்.

"ம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. ரோஜா அத்தை மக எம்பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டா."

முத்துமாரி என்ன சொல்வாள்? உனக்காகத்தான் ஒளிந்திருந்தேன் என்றா, எனக்காகத்தான் வாயைத் திறந்தேன் என்றா? இரண்டும் உண்மைதான். ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகு, இந்த வாயை அந்த அரை நிமிஷம் தைத்து வைத்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலனியில் மனு ஒன்று சுற்றியது. பாரில் வேலை பார்த்தவளைப் பள்ளிக்கூடத்தில் சமைக்க விடக் கூடாது என்று முப்பத்திரண்டு பேர் கையெழுத்து. அதில் முக்கால்வாசி பேர் தகரப் பாரில் நாற்காலி பிடித்து உட்காருகிறவர்கள். கையெழுத்துப் போடாவிட்டால் நீயும் அங்கே போகிறவன்தானே என்று வீட்டில் கேட்பார்கள் என்பதால், மற்றவர்களை முந்திக்கொண்டு போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை முத்துமாரி தகரப் பாருக்குப் போனாள். வேறு எங்கே போவது? தங்கச்சாமி செல்போனை எடுத்து வாசலில் நின்றுகொண்டார். அந்த ஒரு வாரமும் விருதுநகரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து சமைக்க வைத்திருக்கிறார்கள்.

"கேளு தாயி. 'மாஸ்டர் லீவா? வாயில வைக்க வெளங்கல.' இன்னொருத்தன் என்ன போட்டிருக்கான் பாரு. 'மாஸ்டர் வரும் வரை ஒரு ஸ்டார்தான்.' நாலேகாலு மூணே முக்காலுக்கு வந்துருச்சு. நீ இல்லாம இந்த எடம் எடமாவே இல்ல, பாத்துக்க."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவளுக்குத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் மாதிரி கேட்டது.

மத்தியானம் பொந்துக்குள் வெள்ளிக் கை ஒன்று நீண்டது. கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது.

"அக்கா" என்றான் வெள்ளைத்துரை, மெதுவாக. "மனுவுல நானும் போட்டேன். போடலன்னா வீட்ல சோறு இல்லன்னுட்டா. மனசுல வச்சுக்கிறாதீக."

"என்ன வேணும்?"

முதன்முதலாக உள்ளேயிருந்து குரல் வந்ததும் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"கொடலு" என்றான். "எப்பவும் போல."

எப்பவும் போலத்தான் கொடுத்தாள். உப்பை அள்ளிக் கொட்டிவிடலாமா என்று ஒரு யோசனை வராமல் இல்லை. ஆனால் அவளுக்குக் கெடுத்துச் சமைக்கத் தெரியாது. அந்தப் பக்கம் முதல் வாய் போனதும் வழக்கமான சத்தம் எழுந்தது. "அக்கா கை அக்கா கைதாம்லே" என்றான் ஒருவன். மூன்று வருஷமாக ஏங்கிய பேச்சு அது. அவள் எதிர்பார்த்த எதுவும் அதைக் கேட்டபோது உள்ளே நிகழவில்லை. ஈரலை அரிந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளியில் வேறொரு பெண் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்த அன்றைக்கு, தங்கச்சாமி பெயிண்டர் ஒருவரைக் கூட்டி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவரிடம் ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது.

"தாயி, இனிமே ஒளிவு மறைவு எதுக்கு? வாற ஆளுகல்லாம் அக்கா சமையல், அக்கா சமையல்ங்கானுக. முன்னால தகரத்துல பெரிசா ஒரு பேரு எழுதிருவோம். மெஸ்ஸுன்னு போட்டா குடும்பத்துக்கும் பார்சல் வாங்குவாக. பிள்ள பேருல வச்சா ராசி. 'இசைவாணி மெஸ்.' கேக்கவே நல்லாருக்கில்ல?"

பெயிண்டர் சிவப்பு டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தார். முத்துமாரி கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அந்தப் பாரின் முன்பக்கத்தை அவள் பகலில் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எம்பேரப் போடுங்கண்ணாச்சி" என்றாள். "முத்துமாரின்னு எம்புட்டுப் பெரிசா வேணும்னாலும் எழுதிக்கிருங்க. எம்பிள்ள பேரு மட்டும் இங்கன வேண்டாம். அவ பேராவது வெளிய இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் குடல் கொதித்துக்கொண்டிருந்தது.